பழுப்பு எலிகளும் என் தங்கச்சியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எனக்கு எலிக்காரி என்று பெயர். படித்துப் பட்டம் வாங்கி, பதுளையில் மாதச் சம்பளத்துக்குப் போகிற ஒருத்திக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காதா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையில் நான் எலிதான் வளர்க்கிறேன். தீனி போடுகிறேன், கூண்டு கழுவுகிறேன், எடை பார்க்கிறேன், வாரம் ஒருமுறை மூத்திரம் பார்க்கிறேன். எலியைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடும் சனத்துக்கு, எலிக்கு வைத்தியம் பார்க்கச் சம்பளம் கொடுக்கிற இடம் ஒன்று இருப்பதே பெரிய வேடிக்கை. பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்கள், "எலிக்கெல்லாம் பேர் வச்சாச்சா?" என்று கேட்பார்கள். அடையாளத்துக்குக் காதில் துளைதான் போடுவோம், பேர் வைப்பதில்லை என்பேன். "பாவம், பேருமில்லையா" என்பார்கள்.

ஆய்வுக்கூடம் பதுளை நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. நகரத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் ஸ்பிரிங்வெளி பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். திங்கட்கிழமை காலையில் திரும்பிவிடுவேன். வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் மட்டும். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே ஒரு லொறி விபத்தில் போய்விட்டார். அவர் அப்புத்தளைப் பக்கத்து ஆள். அவர் வழியில் எல்லோரும் கல் மாதிரி உடம்புக்காரர்கள், வயதாகித்தான் சாவார்கள் என்று அம்மா சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கும். ஏன் இறங்குகிறது என்று நான் கேட்டதில்லை.

எங்கள் எலிகள் சாதாரண எலிகள் அல்ல. உடம்பு தன்னைத்தானே எதிரி என்று எண்ணித் தாக்கும் நோயைப் படிப்பதற்காகவே வளர்க்கப்படுபவை. கறுப்பு எலிகள் ஒரு குலம், வெள்ளை எலிகள் இன்னொரு குலம். இரண்டும் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே சேர்ந்து வந்தவை. கறுப்புக்கு இரத்தத்தில் சில கோளாறுகள் உண்டு. வெள்ளை பெரும்பாலும் சுகமாகவே வாழும். இந்த இரண்டையும் சேர்த்தால் பழுப்பு நிறத்தில் குட்டி பிறக்கும். பார்க்க அழகான குட்டி. ஆனால் அதில் பெண்ணாகப் பிறந்தது சில மாதம் ஓடித் திரிந்துவிட்டுச் சிறுநீரகம் கெட்டுச் சாகும். ஆணுக்கும் வரும், ஆனால் வெகுநாள் கழித்து.

"இங்கயும் பொம்பளைக்குத்தானா?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் டொக்டரிடம் கேட்டேன். டொக்டர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி, யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் சிரிக்கமாட்டார். அன்றைக்குச் சிரித்தார்.

"ஓம் பிள்ளை, இங்கையும்தான்" என்றார்.

எனக்கு விளங்காத விஷயம் வேறு. ஒரே தாய் தகப்பன், ஒரே கூண்டு, ஒரே தீனி, உடம்புக்குள் இருக்கும் மரபணுவும் அச்சு அசல் ஒன்று. இருந்தும் ஒரு பெண் எலிக்கு நோய் சீக்கிரம் வரும், அதன் பக்கத்தில் படுத்திருப்பதற்குத் தாமதமாக வரும். ஏன் என்று கேட்டால் டொக்டர், "விறகு எல்லா வீட்டிலையும் அடுக்கித்தான் கிடக்கு பிள்ளை. எந்த வீட்டில எப்ப நெருப்புப் பிடிக்குமெண்டுதான் தெரியேல்லை" என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

மூத்திரம் பார்ப்பது லேசான வேலை. எலியின் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினாலே பயத்தில் ஒரு சொட்டு விடும். அந்தச் சொட்டைச் சோதனைப் பட்டையில் ஏந்த வேண்டும். பட்டையின் நுனியில் ஒரு மஞ்சள் சதுரம் இருக்கும். அது மஞ்சளாகவே இருந்தால் எலி சுகம். பச்சை ஏறினால் சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகுகிறது என்று அர்த்தம். பச்சை எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு மோசம்.

இந்த வேலையில் இருக்கும்போதுதான் என் தங்கச்சிக்கு அந்த நோய் வந்தது.

அவள் கொழுந்து எடுக்கிறவள். மலையில் வெயில் ஏறினால் இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் சிவப்புப் படர்ந்து நிற்கும். புதுப் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கொஞ்ச நாள் சொன்னாள். பிறகு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற நேரத்தில் விரல் மடங்கவில்லை, கூடைக் கயிறு பிடிக்க முடியவில்லை என்றாள். தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. நான் பிடிவாதமாக பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்து, திரும்ப வரச் சொல்லி, கடைசியில் கிளினிக்கில் லூபஸ் என்றார்கள். அவள் என் முகத்தைப் பார்த்து, "பேரு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அது எங்கள் கூண்டறையில் நான் தினமும் கேட்கிற பெயர்.

மாத்திரை கொடுத்தார்கள். வெயிலில் நிற்கக் கூடாது, என்ன நடந்தாலும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்றார்கள். கங்காணி நல்ல மனுஷர். எங்கள் நிலைமையைக் கேட்டு, அவளை மலையிலிருந்து எடுத்துப் பிள்ளைக் காம்பராவில் போட்டார். வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அவளுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. முகம் தெளிந்தது, விரல் மடங்கியது.

இது பரம்பரையில் வருகிற நோய் என்பதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அம்மாவுக்கு எலி வேறு, மனுஷர் வேறு.

மருந்துக்கடையில் சோதனைப் பட்டை ஒரு குப்பி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தங்கச்சியிடம் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுப்பேன். "என்னையும் கழுத்தப் புடிச்சுத் தூக்குவியாக்கா?" என்பாள். பட்டையைத் தோய்த்து நான் பார்த்துக்கொண்டு நிற்கையில், "பாஸா, பெயிலா?" என்று கேட்பாள். எப்போதும் பாஸ்தான். ஒருநாள், "நீ ஒனக்குப் பாத்தியா?" என்று கேட்டாள். எனக்கு என்ன குறை என்று அவளை அதட்டினேன். உண்மையில் எனக்குப் பயம். நானும் அதே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த பெண்தான். கையில் குப்பி இருந்தும் ஒரு பட்டையைக்கூட எனக்காக எடுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் ஏறியபோது டிரைவர் பக்கத்தில் ஒரு வேப்பிலைக் கட்டு கிடந்தது. எங்கள் மலையில் வேம்பு உருப்படாது, குளிர் அதற்கு ஆகாது. மேலே யாருக்காவது அம்மை போட்டால் கீழே இருந்து பஸ்ஸில்தான் வேப்பிலை வரவேண்டும். பஸ்ஸில் வேப்பிலை ஏறினால் சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், யார் வீட்டுக்கு என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. பிள்ளைக் காம்பராவில் சில குழந்தைகளுக்கு அம்மை என்று தங்கச்சி முந்திய வாரம் சொல்லியிருந்தாள். அதில் யாராவது ஒரு குழந்தைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டேன்.

எங்கள் நிறுத்தத்தில் இறங்கினேன். கண்டக்டர் பின்னாலேயே வேப்பிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க தங்கச்சி. ஒங்க வீட்டுக்குத்தான். அம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க."

பஸ் போய்விட்டது. நான் வேப்பிலைக் கட்டோடு ரோட்டில் நின்றேன். பிறகு படிக்கட்டுப் பாதையில் ஓட ஆரம்பித்தேன். எதிரே வந்த பெண்கள் என் கையில் இருந்ததைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. அம்மா உள்ளே இருந்து கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அங்கயே நில்லு. கால் கழுவாம உள்ள வராத."

"எப்ப இருந்து?"

"செவ்வாக்கெழம காய்ச்சல். மறுநா மூஞ்செல்லாம் செவந்திருச்சு. காம்பராவுல புள்ளைங்களுக்குப் போட்டிருக்குல்ல, அங்கருந்து ஆத்தா இவகிட்ட வந்துட்டா."

"எனக்கு ஏன் போன் எடுக்கல?"

"நீ கத்துவன்னு அவதான் வேணாம்னா."

நான் கத்துவேன் என்பது உண்மைதான். கால் கழுவிக்கொண்டே, "மாத்திரை குடிக்கிறாளா?" என்று கேட்டேன். அம்மா திரும்பிச் சாமித் தட்டைப் பார்த்தாள். மாரியம்மன் படத்துக்கு முன்னால், மஞ்சள் பூசி, மாத்திரை அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை எங்கள் வீடுகளில் யாரும் மருந்து தொடமாட்டார்கள். தாளிக்கமாட்டார்கள், வெளியே போகமாட்டார்கள். வந்திருப்பவள் தெய்வம், அவள் இருக்கும்போது மருந்து கொடுப்பது அவளைத் துரத்துவதற்குச் சமம். நானும் சின்ன வயதில் அப்படிப் படுத்து எழுந்தவள்தான்.

தங்கச்சி வாடிய வேப்பிலைமேல் படுத்திருந்தாள். கன்னத்திலும் மூக்கிலும் அந்தப் பழைய சிவப்பு. உடம்பில் எங்கேயும் தண்ணீர் கோத்த ஒரு கொப்புளம்கூட இல்லை. கண் இமை உப்பிக் கண் சின்னதாகியிருந்தது. கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது.

"எந்திரிச்சா கண்ணு இருட்டுதுக்கா. தண்ணி குடிச்சாலும் வாந்தி வருது" என்றாள்.

கோப்பையைக் கொடுத்தேன். அம்மா முறைத்தாள், தடுக்கவில்லை. தங்கச்சியைத் தாங்கிப் பிடித்துக் குசினிக்குப் பின்பக்கம் கூட்டிப் போனேன். கோப்பையில் வந்ததே கொஞ்சம்தான், அதிலும் நுரை. பட்டையைத் தோய்த்தேன். மஞ்சள் சதுரம் என் கண் முன்னாலேயே பச்சையாகி, பச்சை கறுத்து, நீலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. குப்பியில் ஒட்டியிருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசிக் கட்டம்.

"பாஸா?" என்று கேட்டாள். நான் பட்டையைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

எலி என்றால் இதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியும். தீனியை விட்டுவிடும். மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கூண்டு மூலையில் போய் உட்காரும். வேதனை அதிகமானால் நாங்களே தூங்க வைத்துவிடுவோம். அப்படித்தான் சொல்வோம், தூங்க வைப்பது என்று. தங்கச்சி சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்தபோது அவள் முதுகைப் பார்க்க என்னால் முடியவில்லை.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடிப்போய் டொக்டருக்குப் போன் எடுத்தேன். அவர் இடையில் பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"மாத்திரையை ஒரேயடியா நிப்பாட்டினதுதான் பெரிய பிழை. உடம்பு தாங்காது. மயங்கினா எழும்பாமலும் போகலாம். அம்மையோ இல்லையோ, அதை ஆஸ்பத்திரியில பாக்கட்டும். இண்டைக்கே கொண்டு வாரும்."

"அம்மா விடமாட்டாங்க டொக்டர்."

"அதுக்கு என்னட்ட மருந்தில்லைப் பிள்ளை. நீர்தான் ஏதாவது செய்யவேணும்."

திரும்பி வந்து எவ்வளவு பொறுமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பொறுமையாகச் சொன்னேன். இது அம்மை இல்லை, பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது, சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது, எங்கள் எலிகளுக்கும் இப்படித்தான் வரும் என்றேன். எலி என்ற சொல்லை நான் எடுத்திருக்கக் கூடாது.

"எலியப் பாத்து எம்புள்ளைக்கு வைத்தியமா?" என்றாள் அம்மா. "ஆத்தா மூஞ்சியிலயே எறங்கியிருக்கா. கண்ணு இல்லையா ஒனக்கு?"

கோபம் வந்தால் மட்டும்தான் நான் அம்மாவை நீ என்று பேசுவேன். "நீதான் இவளக் கொல்லப் போற" என்றேன்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாளாம். அது எனக்குத் தெரியும், கல்யாணம் ஆகாமல் செத்துப்போனவள் என்று மட்டும் தெரியும். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் அவர்கள் இருந்த காலம். அந்த அக்காவுக்கு அடிக்கடி முகம் சிவந்து காய்ச்சல் வரும். ஒவ்வொரு தடவையும் அம்மை என்று படுக்க வைப்பார்கள். கடைசித் தடவை காலெல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாள்.

"நான் சின்னப்புள்ள. எனக்குப் பாக்க முடியல. தோட்டத்து மருந்துக் காம்பராவுல போயி அழுது ரெண்டு மாத்திரை வாங்கியாந்து, யாருக்கும் தெரியாம கஞ்சியில கரைச்சுக் குடுத்தேன். மறுநா அக்கா போயிருச்சு. ஆத்தா கோவிச்சுக்கிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. என்ன பண்ணினேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்." பிறகு என்னைப் பார்த்தாள். "எங்க வழியில ஆத்தாளுக்கு ஒரு கண்ணு இருக்கு. பொம்பளப் புள்ளையா பாத்துத்தான் வருவா. இவளுக்கு மூஞ்சி செவந்தப்பவே எனக்குத் தெரியும்."

என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. முகச் சிவப்பு, காய்ச்சல், கால் வீக்கம், பெண் பிள்ளை, தாய் வழி. டொக்டர் கரும்பலகையில் எழுதி எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு பயந்து செத்திருக்கிறாள். அதற்கு அவள் மாரியம்மன் என்று பேர் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அவள்மேல் எனக்கு வந்த இரக்கத்தில் அழுகை வந்தது. ஆனால் அழ நேரம் இல்லை.

"சரி, அம்மா வரவேணாம். நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று தங்கச்சியைத் தூக்கப் பார்த்தேன். அவள் என் கையைத் தள்ளினாள்.

"அம்மா சொல்லாம நான் வரமாட்டேன். போற வழியில எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா அம்மா என்னத்துக்கு ஆகும்?"

ஆட்டோக்காரரைக் கூப்பிட ஓடினேன், அவரும் மறுத்தார். பக்கத்து லயம், தெரிந்தவர். "உத்தரவு இல்லாம ஆத்தா வந்த புள்ளைய ஏத்த மாட்டேன்மா. எனக்கும் வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு" என்றார்.

நான் திரும்பி வந்ததும் அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வா. பூக்கட்டிக் கேப்போம்."

இரண்டு பொட்டலம் கட்டுவது. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணம், வெளிநாட்டு வேலை, எல்லாவற்றுக்கும் எங்கள் சனம் இதைத்தான் கேட்கும். பூசாரி வேலை முடிந்து வரப் பொழுதுபடும். அவர் இல்லாத நேரம் வீட்டுப் பெரியவர்களே கட்டிப் பார்ப்பது வழக்கம். தங்கச்சியின் உயிரை இரண்டு பொட்டலத்தில் வைத்து எடுக்கப் போகிறோம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைத் தங்கச்சியோடு இருத்திவிட்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தேன்.

கோயில் எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில். முற்றத்தில் வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் நிற்கின்றன. அம்மா என்னைக் கால் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னாள். நான் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்தபோது இரண்டு இலைப் பொட்டலங்களும் நூல் சுற்றி, அம்மன் காலடியில் தயாராக இருந்தன. அம்மா கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"எடு" என்றாள்.

"நானா?"

"நீதான் எடுக்கணும்."

இத்தனை வருஷம் படித்ததெல்லாம் அந்த இடத்தில் எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. பாதிக்குப் பாதி என்று மனசு கணக்குப் போட்டது. சிவப்பு வந்தால் என்ன செய்வேன்? தங்கச்சியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுவேனா? ஆத்தா, வெள்ளையைக் கொடு என்று நான் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. கையை நீட்டி இடப்பக்கத்தை நோக்கிப் போய், கடைசி நேரத்தில் வலப்பக்கப் பொட்டலத்தை எடுத்தேன். நூல் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன்.

வெள்ளை.

நான் சத்தமாக அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. மற்றப் பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "நடடி, நேரமாகுது" என்று எனக்கு முன்னால் இறங்கினாள்.

வெள்ளைப் பூவைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தார். தங்கச்சி எங்கள் இருவருக்கும் நடுவில். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை என் தோளிலிருந்து அம்மா தோளுக்குப் போய் வந்தது. பாதி வழியில் நான் கூப்பிட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அம்மா அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "வேகமாப் போங்க" என்று நானும், "பாத்துப் போங்க" என்று அம்மாவும் மாறி மாறிச் சொல்லி அந்த மனுஷரைப் பாடாய்ப் படுத்தினோம்.

ஆஸ்பத்திரியில் நான் சொல்லச் சொல்லவே ஊசி ஏற்றினார்கள். அம்மை இல்லை என்று பார்த்தவுடனேயே சொன்னார்கள். இரத்த அழுத்தம் கீழே போய்க் கிடந்தது. அந்த முதல் இரவு எப்படிப் போனது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் தங்கச்சி கண்ணைத் திறந்து, "பெயில்தானே? நீ பட்டைய ஒளிச்சப்பவே தெரியும்" என்றாள். வாட்டில் படுத்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, முழுவதும் போகவில்லை, கனமான மருந்து வெகுகாலம் எடுக்க வேண்டும் என்றார்கள். கால் வீக்கம் மெல்ல வற்றத் தொடங்கியது.

அந்த நாட்களில் அம்மா என் அறையில் தங்கியிருந்தாள். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அவள் வரும்போது கட்டியிருந்த சேலையைத் துவைக்க எடுத்தேன். முந்தானை முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்தது. அவிழ்த்தேன். காய்ந்துபோன அந்த இலைப் பொட்டலம் கையில் வந்தது. தூக்கிப் போடத்தான் போனேன். பிறகு என்னவோ நூலைப் பிரித்தேன்.

உள்ளே வாடிக் கிடந்ததும் வெள்ளை அரளிதான்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொட்டலத்தை விரித்து அவள் முன்னால் நீட்டினேன்.

"செவப்பப் பறிக்கப் போனேன். கை வரல" என்றாள்.

"ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

"கோவிக்கட்டும். அதுக்குத்தானே கும்புட்டேன். அன்னைக்கு அக்காவுக்கு ஒளிச்சுக் குடுத்தது நானு, இன்னைக்கும் ஒன்ன ஏமாத்துனது நானு, எம்மேல எறங்கு, ரெண்டு புள்ளைங்களையும் விட்டுருன்னு சொல்லிட்டுத்தான் எடுக்கச் சொன்னேன்." கன்னத்தைத் தடவிப் பார்த்து, "இன்னும் எறங்கல" என்றாள். அவள் தினமும் காலையில் என் சின்னக் கண்ணாடியில் தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் தடவையாக எலிகளைப் பற்றி அவளுக்கு முழுவதும் சொன்னேன். கறுப்பு ஒரு குலம், வெள்ளை ஒரு குலம். நல்ல சுகமாக வாழும் வெள்ளையும் தன் பங்குக்குக் கொஞ்சத்தைக் கொடுத்தால்தான் பழுப்புக் குட்டிக்கு அந்த நோய் முழுதாக வரும். கறுப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மனுஷர் எலி இல்லை. எங்கள் வீட்டில் எங்கிருந்து எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது என்றேன். உங்கள் அக்காவுக்கு இருந்தது இந்த நோயாகத்தான் இருக்கும், அந்த மாத்திரையால் அவள் சாகவில்லை என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

"அப்ப ஒங்கப்பா பக்கத்துலயும் இருந்திருக்கலாம்" என்றாள். அவர் வழியைப் பற்றிச் சொல்லும்போது இறங்குகிற குரல் அன்றைக்கு இறங்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அப்ப ஒனக்கு?"

என் கண் கைப்பைக்குப் போனது.

"அந்தப் பட்டைய எடு" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"நான் பொட்டலத்துல ஏமாத்துன மாதிரி நீ இதுல ஏமாத்தாத. எடு."

எலிகளுக்கு எத்தனை தடவை செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கழிவறைக்குள் நின்றுகொண்டு ஒரு பட்டையைக் குப்பியிலிருந்து உருவ முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கதவுக்கு வெளியே அம்மா நின்றாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. தோய்த்துவிட்டு, அந்தச் சதுரத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க வேண்டிய நேரம் தாண்டியும் நின்றேன்.

கதவைத் திறந்தேன். "மஞ்சளாத்தாம்மா இருக்கு" என்றேன். "இன்னைக்கு மஞ்சள். நாளைக்கு என்னன்னு தெரியாது. அப்பப்ப பாக்கணும்."

அம்மா அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. என் கையிலிருந்து பட்டையை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்து, கோயில் குங்குமத்தை ஒற்றிக்கொள்வதுபோல ஒரு கண்ணில் ஒற்றி, மறு கண்ணிலும் ஒற்றினாள்.

"அம்மா, அது மூத்திரம்" என்றேன்.

"எம்புள்ளையோடதுதானே" என்றாள். பட்டையை முந்தானையில் துடைத்து, "சின்னவளுக்கு எப்ப இப்படி மஞ்சளா வரும்?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன். இரண்டு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.